படலையில் கட்டிய செம்மஞ்சள் துணி

அந்தத் தாளில் பதினொரு விதிகள் இருந்தன. பத்து விதிகளை இன்றைக்கும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். மற்றதையும் நான் வாசிக்காமல் விடவில்லை. வாசித்தேன், ஆனால் அது மனதில் நிற்கவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஊரில் நடந்த போருக்குத் தப்பி இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த நாங்கள், நகரத்தில் வோபர்ன் பகுதியில் இருந்த அடுக்குமாடி வீட்டை விட்டு, ஸ்ரௌவ்வில் என்ற சிற்றூருக்கு வடக்கே நாலு ஏக்கர் காணியோடு ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தோம். கணவருக்கு ஒஷாவாவில் தொழிற்சாலை வேலை. கோடையில் வெண்டியும் கத்தரியும் மிளகாயும் பயிரிட்டு வோபர்ன் கடைகளுக்குக் கொடுத்தோம். ஓரமாக ஆப்பிள் கன்றுகளும் நட்டோம். அந்தக் கன்றுகளின் பட்டையை மான்கள் உரித்துத் தின்றுவிட்டன.

அவை அந்த ஊர்க் காட்டு மான்கள் அல்ல. பக்கத்தில் யாரோ இறைச்சிக்காக மான் பண்ணை நடத்தி, நட்டப்பட்டுக் கைவிட்டிருந்தார்கள். வேலி விழுந்ததும் மான்கள் வெளியேறி, பற்றைக் காடுகளில் பெருகிவிட்டன. அயலில் உள்ள விவசாயிகள் கூடி, சம்பளம் வாங்காத வேட்டைக்காரரை அழைப்பது என்று முடிவெடுத்தார்கள். ஆனால் காணிக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் அவர்கள் காணிக்குள் கால் வைக்கலாம்.

எங்கள் வீட்டுக்கு வந்த வேட்டைக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி படியில் நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு, சப்பாத்தில் சேறு என்று மறுத்துவிட்டுத் தாளை நீட்டினார்.

நான் ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவள். அன்று பின்னேரம் அந்தத் தாளை ஒரு பாடம் போல வாசித்துக் கணவருக்குச் சொன்னேன். வீட்டை நோக்கிச் சுடக்கூடாது. குறிக்குப் பின்னால் மண்மேடு இல்லாவிட்டால் சுடக்கூடாது. வேலி கடக்கும்போது துவக்கில் குண்டு இருக்கக்கூடாது. காயப்பட்ட மானைத் தேடிப் பிடிக்காமல் திரும்பக்கூடாது. பட்டியலில் பெயர் இல்லாத எவரையும் கூட்டி வரக்கூடாது. காணிக்காரர் காரணம் சொல்லாமலே எப்போதும் அனுமதியைத் திரும்பப் பெறலாம்.

“இஞ்சேருங்கோ, துவக்கு வைச்சிருக்கிற மனுசன் எங்களிட்டை அனுமதி கேக்கிறார்” என்றேன்.

“ஊரில கேக்காமல் வந்த ஆமிக்காரர்தானே உமக்குப் பழக்கம்” என்று அவர் சிரித்தார். “கையெழுத்தைப் போடும். மரம் மிஞ்சட்டும்.”

போட்டேன்.

முதல் சனிக்கிழமை கணவர் விடியமுன் வேலைக்குப் போய்விட்டார். ஏழு மணியளவில் வேட்டைக்காரரின் வண்டி வெளிச்சம் மரங்களுக்கு இடையே தெரிந்து அணைந்தது. அதற்குப் பிறகு நான் செய்தவற்றை யோசித்துச் செய்யவில்லை. திரைகளை இழுத்து மூடினேன். குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பினேன். கடவுச்சீட்டுகளையும் பிறப்புப் பத்திரங்களையும் ஒரு பையில் போட்டேன். இரண்டு சுவர்களுக்கு நடுவே இருக்கும் ஒடுங்கிய நடையில் மெத்தையை இழுத்துப் போட்டேன்.

சத்தம் கேட்டு மகள் எழும்பி வந்தாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது.

“அம்மா, என்ன செய்யிறியள்?”

“உள்ளுக்கு இரு.”

“அவர் மான் சுட வந்தவர். எங்களைச் சுட இல்லை.”

“இரு எண்டனான்.”

எட்டு மணிக்கு ஒரு வெடி கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. ஒன்பது, பத்து, பதினொன்று. வெடி கேட்பதை விட அந்த அமைதிதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்தது எங்கிருந்து வரும் என்று காது தேடிக்கொண்டே இருந்தது.

அன்று இரண்டு மணிக்கு ஸ்ரௌவ்விலில் ஒரு கோப்பிக் கடையில் மகளுக்கு வேலை. வாழ்க்கையில் முதல் வேலை, முதல் நாள். பன்னிரண்டு மணிக்கே சீருடையைப் போட்டுக்கொண்டு நின்றாள். நான் கார் எடுத்தால்தான் அவள் போகலாம்.

“போன் எடுத்து நாளைக்கு வாறன் எண்டு சொல்லு.”

“என்ன ரீசன் சொல்ல? அம்மா கர்ஃபியூ போட்டிட்டா எண்டா?”

ஒன்றரை மணிக்கு அவள் கதவைத் திறந்து முற்றத்தில் இறங்கி நடக்கத் தொடங்கினாள். மண்ணிறச் சீருடை, மானின் நிறம். அந்த நிறத்தைத்தான் முதலில் பார்த்தேன். அந்தக் கணத்தில் தெற்கே, எங்கள் காணிக்கு வெகு அப்பால், வேறு யாருடையதோ துவக்கு வெடித்தது.

“படு! பிள்ளை, படு!”

என் குரல்தான். அவள் படுத்துவிட்டாள். நின்று திரும்பிப் பார்க்கவில்லை, என்ன என்று கேட்கவில்லை. சேற்றில் நெஞ்சு பட விழுந்து, முழங்கைகளை ஊன்றி, இரண்டு காதுகளையும் பொத்தி, வாயைச் சற்றுத் திறந்து வைத்திருந்தாள். வெடி அதிர்ச்சியில் செவிப்பறை கிழியாமல் இருக்க வாயைத் திறந்து வைக்கவேண்டும் என்று ஊரில் நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அப்போது அவளுக்கு நாலு வயது. ஊரில் நடந்தது எதுவும் ஞாபகமில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்த பிள்ளை.

சற்றுப் பொறுத்து எழும்பினாள். கையால் சீருடையைத் துடைத்தாள். சேறு இன்னும் பரவியது. என்னைப் பார்க்காமல், வீட்டுப் பாதையின் வளைவைத் தாண்டி, காணி வாசலில் இருக்கும் படலை வரை நடந்து போய்த் திரும்பி வந்தாள்.

“துணி இல்லை” என்றாள். அவளும் அந்தத் தாளை வாசித்திருந்தாள்.

அப்போதுதான் ஏழாவது விதி எனக்கு நினைவு வந்தது. வேட்டைக்காரர் உள்ளே நிற்கும் வரை படலையில் செம்மஞ்சள் துணி தொங்கும். வெளியேறும்போது அவரே அதை அவிழ்த்துக்கொண்டு போவார். வளைவில் நிற்கும் மரங்கள் மறைப்பதால் வீட்டிலிருந்து படலை தெரியாது. ஆனாலும் உண்மைக் காரணம் அதுவல்ல. துவக்கு வரும் வழியைப் பற்றிய விதிகள் எல்லாவற்றையும் மனதில் பதித்த நான், அது போய்விட்டது என்று சொல்லும் விதியை மட்டும் நம்பவில்லை. போய்விட்டோம் என்று எனக்கு ஊரில் யாரும் அறிவித்ததில்லை.

அவர் ஒன்பதரைக்கே போயிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

காரில் அவள் யன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். கடை வாசலில் இறங்குமுன் கேட்டாள்: “அம்மா, நான் ஏன் படுத்தனான்?”

“மன்னிச்சுக்கொள், பிள்ளை” என்றேன். கார்த் தரிப்பிடத்திலேயே அவள் வேலை முடியும் வரை இருந்தேன். கடைக்கார அம்மா அவளுக்கு வேறு சட்டை கொடுத்திருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேட்டைக்காரர் மறுநாள் வரலாமா என்று கேட்க வந்தார். அனுமதியைத் திரும்பப் பெறும் வசனத்தை ஆங்கிலத்தில் தயாராக வைத்திருந்தேன். காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் சொல்லிவிட்டேன், பாதியாக. படலை எங்களுக்குத் தெரிவதில்லை, அன்று முழுவதும் உள்ளேயே இருந்தோம் என்றேன். அவர் என்னைத் தாண்டி, நடையில் இன்னும் எடுக்காமல் கிடந்த மெத்தையைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சமைக்கும்போது தெரியும்படி துணியைக் குசினி யன்னலுக்கு நேரே கட்டட்டுமா என்று கேட்டார்.

“வேண்டாம். போகும்போது கதவைத் தட்டிச் சொல்லுங்கள்” என்றேன்.

தாளின் அடியில் ‘வேறு நிபந்தனைகள்’ என்று ஓர் இடம் வெறுமையாக இருந்தது. அதில் அவரே தன் கையால் அதை எழுதி, கீழே என் கையெழுத்தைக் கேட்டார். போட்டேன்.

மறுநாள் காலை நான் தொட்டியில் தண்ணீர் நிரப்பவில்லை. பையை மட்டும் எடுத்து வைத்தேன். பத்து மணி தாண்டிக் கதவு தட்டப்பட்டது. மகள்தான் ஓடிப்போய்த் திறந்தாள். துவக்கை வண்டியில் பூட்டிவிட்டு, தொப்பியைக் கையில் வைத்தபடி அவர் நின்றார். ஒரு மானைக் கண்டதாகவும், அதற்குப் பின்னால் எங்கள் வீட்டுக் கூரை தெரிந்ததால் சுடவில்லை என்றும், தான் இப்போது போவதாகவும் சொன்னார். வண்டி புறப்படும் சத்தம் வளைவைத் தாண்டிக் குறைந்தது.

“அம்மா, விடுங்கோ. அவர் போயிட்டார்” என்றாள் மகள்.

அவளுடைய சட்டையின் பின்புறத்தை நான் இறுக்கிப் பிடித்திருந்தேன்.