இன்ஸ்பெக்டர் அண்ணனின் இலங்கை நோட்டு

கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியோடு சேர்த்து ஒரு பழைய இலங்கை ரூபாய் நோட்டைப் பிடித்துக்கொண்டு, "சிங்கம் தெரியுதா பாரும்மா" என்று இன்ஸ்பெக்டர் அண்ணன் என்னிடம் கேட்டார். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி பஸ் அப்போதுதான் ஒரகடம் சாலையில் திரும்பியிருந்தது. காலை வெயில் எங்கள் பக்கம்தான் அடித்தது. நோட்டில் ராணியின் முகம், சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று எழுத்துகள், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. காகிதத்துக்குள் ஒளிந்திருந்து வெளிச்சத்தில் மட்டும் எழும்பிவரும் சிங்க உருவம், அது மட்டும் இல்லை.

இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் மிரள்வார்கள். அவர் எங்கள் பிளான்ட்டில் பாகங்களைக் கண்ணால் சோதித்து அனுப்புகிறவர். லாரிகளுக்கான பிரேக் பாகங்கள் டிரே டிரேயாக வரும். ஒவ்வொன்றையும் விளக்குக்குக் கீழே புரட்டிப் பார்த்து, மயிரிழை அளவு விரிசல் இருந்தால்கூட ஒதுக்கிவிட்டு, நல்லதில் பச்சைப் புள்ளி வைக்க வேண்டும். அடுத்த நாற்காலி என்னுடையது; என் புள்ளி நீலம். பச்சைப் புள்ளி இருந்தால் மறுபேச்சு பேசாமல் வண்டியில் ஏற்றுவார்கள். அந்தப் பெருமை அவருக்கு உண்டு, கொஞ்சம் அதிகமாகவே உண்டு. நான் எதையாவது தவறவிட்டால், "இன்னாம்மா, ராத்திரி தூக்கம் இல்லியா?" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சொல்லி என் மானத்தை வாங்குவார்.

ஐம்பதுகளில் அச்சான இலங்கை நோட்டுகளைத்தான் அவர் சேர்த்தார். சொந்தக்காரர் யாரும் அங்கே இல்லை, கடல் தாண்டிப் போனதும் இல்லை. "வேற நாட்டு நோட்டுல எனக்கு இன்னா தெரியும்? இதுல நம்ம எழுத்து கீது, தப்பு இருந்தா புடிச்சிடுவேன்" என்பார். தப்பான நோட்டுதான் அவருக்கு வேண்டும். சாயம் வழிந்தது, ஓரம் கோணலாக வெட்டப்பட்டது. அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் மனிதரைப் பிடிக்க முடியாது. "நம்மள மாதிரி ஒருத்தன் அங்கயும் குந்திகினு பாத்திருப்பான்ல? இத்த வுட்டுட்டான் பாரு, சோம்பேறி!" என்று, செத்தே போயிருக்கக்கூடிய அந்த மனிதனை ஒரகடம் வரும்வரை திட்டிக்கொண்டே வருவார். நல்ல நோட்டை யார் கொடுத்தாலும் வாங்க மாட்டார். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அன்று கொண்டுவந்ததில் வரிசை எண் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் சாய்ந்தும் அச்சாகியிருந்தது. போனில் பழக்கமான எவனோ கூரியரில் அனுப்பியிருக்கிறான். இப்படி ஒன்றுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தேன் என்றார், முகமெல்லாம் சிரிப்பு. நான் பிளாஸ்டிக் உறையிலிருந்து அதை உருவினேன். நடுவில் மடிப்புக் கோடு தெரிந்தது. விரலால் தடவினால் மடிப்பே இல்லை; காகிதம் வழவழவென்று இருந்தது. மடிப்பையும் சேர்த்து அச்சடித்திருக்கிறான், நாசமாய்ப் போகிறவன். பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும் கலர் ஜெராக்ஸ். என் வாய்க்கு என்றைக்கும் பூட்டு கிடையாது. "சிங்கம் இல்லண்ணே. இது ஜெராக்ஸ்" என்றேன்.

ஏமாந்த கோபத்தில் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. நோட்டை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி வெயிலில் காட்டினார். "எனக்கு சிங்கம் மாதிரி இன்னாவோ தெரியுதே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "அப்போ நான் பச்ச வெச்சதெல்லாம்?" என்று கேட்டார். வருஷாவருஷம் கம்பெனியில் கண் பரிசோதனை நடக்கும். சுவரில் தொங்கும் பெரிய கறுப்பு எழுத்துகளை அவர் கடகடவென்று படித்துவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தார்.

நாற்காலி போய்விடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "வேணாண்ணே, மொதல்ல டாக்டரப் பாருங்க, அப்புறம் சொல்லிக்கலாம்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். கையை உதறிவிட்டு, பஸ் நின்றதும் நேராக மேனேஜரிடம் போனார். தான் பார்த்து அனுப்பியதையெல்லாம் நிறுத்தி மறுபடி பார்க்கச் சொன்னார். மேனேஜர் முகம் வெளுத்துப்போனது. குடோனில் இருந்த டிரேக்களை இறக்கி என் மேசையில் அடுக்கினார்கள். அவர் சற்றுத் தள்ளிச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் வரை எல்லாம் நல்லதாகவே வந்தது. எனக்கு உயிர் வந்தது. அப்புறம் பச்சைப் புள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு விரிசல், இன்னொரு டிரேயில் இன்னொன்று. வாங்கும் கம்பெனிக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர்கள் கையில் மீதியிருந்தது திரும்பி வந்தது. மற்றதெல்லாம் லாரிகளில் பொருத்தப்பட்டு, அந்த லாரிகள் ரோட்டுக்குப் போய்விட்டிருந்தன.

கண் நரம்பு கெட்டுப்போயிருக்கிறது, போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னார். கம்பெனி அவரைப் பேக்கிங்குக்கு மாற்றியது. அங்கேயும் அட்டைப்பெட்டியின் விளிம்பு தெரியாமல் கையைக் கிழித்துக்கொண்டு, சில மாதத்தில் தானாகவே நின்றுவிட்டார். அவர் நாற்காலிக்கு இன்னொருவர் வந்தார். அவரும் நல்லவர்தான், ஆனால் எனக்கு அவரோடு பேசவே பிடிக்கவில்லை. நான் அன்று பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று லைனில் சிலர் சொன்னார்கள். சொல்லட்டும். திரும்பவும் அதே நோட்டைக் காட்டிக் கேட்டால் அதையேதான் சொல்வேன். வீட்டுக்கு வந்து அழவும் செய்வேன்.

போன மாதம் பென்னலூரில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். எதிரே உட்கார்ந்தும், நான் பேசிய பிறகுதான் யாரென்று தெரிந்தது. நோட்டுகளையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டாராம். கேன்டீன் சாம்பார் எப்படி இருக்கிறது, என் பெண் என்ன படிக்கிறாள் என்று விசாரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். வெளியே நெடுஞ்சாலையில் ஒரு லாரி பிரேக் போட்டுக் கிறீச்சென்று இழுத்தது. "நின்னுச்சா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "போய்ப் பாரும்மா, நின்னுச்சா?" நான் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "நின்னுடுச்சுண்ணே" என்றேன். அதற்கப்புறம்தான் மூச்சு விட்டார்.

"நாள் முச்சூடும் இதே கதைதாம்மா. வூட்ட மாத்திடலாம்னா, வேணாம், இங்கயே இருக்கணுங்கிறாரு" என்றார் சமையல்கட்டிலிருந்து அவர் மனைவி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வண்டியின் சத்தம் கேட்டது. அந்த அம்மா கையிலிருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் வாசலுக்குப் போனார்.