முதலாளி எழுத வேண்டிய கடிதம்

எனக்குப் பொறுமை கிடையாது. வீட்டில் இதைச் சொல்லிக் காட்டாத ஆளே இல்லை. அப்படிப்பட்ட நான், ஒரே ஒரு கடிதத்துக்காக ஒரு மனிதரின் முன்னால் இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மண்ணூர்பேட்டையில் ஓர் அலுமினிய வார்ப்புப் பட்டறையில் அப்போது நான் குவாலிட்டி இன்ஜினியர். வெளிநாட்டில் மேல்படிப்புக்கு விண்ணப்பித்து, முதல் வருடம் கேட்ட இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். என்ன தப்பென்றே புரியவில்லை. அம்பத்தூரில் வீட்டிலிருந்தபடி மாணவர்களுக்கு வழிகாட்டும் ஒரு மேடத்திடம் போனேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். என் பழைய விண்ணப்பத்தை முழுக்கப் படித்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"இந்த மூணு ரெக்கமண்டேஷன் லெட்டரையும் யார் எழுதினது?"

"மூணு பேரும்தான் மேடம்."

"எழுதினது யாருன்னு கேட்டேன். கையெழுத்துப் போட்டது யாருன்னு கேக்கல."

நான்தான் எழுதியிருந்தேன். நம் ஊரில் அதுதானே வழக்கம்? பேராசிரியரிடம் போய் நின்றால், "நீயே டைப் பண்ணி எடுத்துட்டு வாம்மா, சைன் பண்ணித் தர்றேன்" என்பார். நாமும் கூச்சமே இல்லாமல் நம்மைப் புகழ்ந்து தள்ளி எடுத்துக்கொண்டு போவோம். அவரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். என் வகுப்பு முழுவதும் அப்படித்தான் வாங்கியது. இதில் தப்பு இருப்பதாக ஒருவருக்கும் தோன்றியதில்லை.

"மூணு லெட்டர்லயும் நீங்க ராத்திரி பகல் பாக்காம உழைச்சிருக்கீங்க. மூணு பேருக்கும் அதே வார்த்தைதான் தோணுச்சா? அங்க இதைப் படிச்சுப் பாக்கிறவங்க என்ன முட்டாளா?"

காது சுட்டது. கோபம் கூட வந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது? அவர் போட்ட திட்டம் கறாராக இருந்தது. இந்தத் தடவை ஒரே ஒரு பல்கலைக்கழகம். அலுமினிய வார்ப்பில் ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் ஒருவர் அங்கே ஆள் தேடிக்கொண்டிருந்தார். கல்லூரியிலிருந்து இரண்டு கடிதம், வேலை செய்யும் இடத்திலிருந்து ஒன்று. அவரவர் கடிதத்தை அவரவரே எழுதி அனுப்ப வேண்டும். நான் ஒரு வரி எழுதக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. ஒரு கடிதம் குறைந்தாலும் விண்ணப்பத்தைப் பிரிக்கவே மாட்டார்கள். என் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் அந்தக் குளிர்காலத்தோடு காலாவதி. எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லை.

பேராசிரியர்கள் இரண்டு பேரும் முணுமுணுத்துக்கொண்டே எழுதி அனுப்பிவிட்டார்கள். பாக்கி இருந்தது முதலாளி.

அவர் மண்ணூர்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். குடும்பத்து நிலத்தில் ஷெட் போட்டுத் தொழிலை ஆரம்பித்தவர். கஸ்டமர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் அனுப்புகிறவர், எழுதத் தெரியாதவர் அல்ல. கடிதத்தை ஏற்றச் சொல்லிப் பல்கலைக்கழகம் அனுப்பிய லிங்க் அவருடைய மெயிலில் சும்மா கிடந்தது. தினமும் போய் நிற்பேன். "பாத்துக்கலாம்மா, எங்க ஓடிடப் போவுது?" என்பார். ஒருநாள் கரண்ட் இல்லை என்றார். இன்னொரு நாள், "கண்ணாடிய ஊட்லயே வுட்டுட்டு வந்துட்டேன்" என்றார். கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது.

வேண்டுமென்றே செய்கிறார் என்று எனக்குத் தோன்றியது. காரணமும் இருந்தது. சில மாதங்களுக்கு முன்னால் பிரேக் பாகங்கள் கொஞ்சம் அனுப்ப வேண்டியிருந்தது. லாரியில் ஏற்றியாகிவிட்டது. சந்தேகப்பட்டு ஒன்றை அறுத்துப் பார்த்தேன், உள்ளே முழுக்கக் காற்றுப் பொத்தல். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். எல்லார் முன்னாலும் அவர் கத்தினார், நானும் விடவில்லை. லாரியில் ஏற்றிய லோடு திரும்பக் கீழே இறங்கியது. அதற்குப் பிறகு வெகுநாள் அவர் என்னிடம் நேராகப் பேசவில்லை, பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லித்தான் எனக்குச் சேதி வரும்.

கடைசி நாள் வந்தது. அங்கே நள்ளிரவோடு கெடு முடியும், நமக்கு அது காலை பத்தரை. கொரட்டூர் வீட்டிலிருந்து சாப்பிடாமலே கிளம்பி, ஷட்டர் திறக்கும்போதே போய் நின்றேன். அவர் வரவில்லை. போன் செய்தால், "பூந்தமல்லில மாட்டிகினேன்மா, மெட்ரோவுக்கு ரோட்டையே தோண்டி வச்சிகீறானுங்க" என்றார். மேடத்திடமிருந்து "வந்துடுச்சா?" என்று மெசேஜ் மேல் மெசேஜ். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஒன்பதரைக்கு மேல்தான் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டைம் கம்மியா கீது. நீயே அடிச்சிக் குடும்மா, நான் அனுப்பிச்சிடறேன்."

போன வருடம் அவர் பெயரில் நானே எழுதிய கடிதம் என் போனிலேயே இருந்தது. தேதியை மாற்றினால் போதும். யாருக்குத் தெரியப் போகிறது? கை போன் வரைக்கும் போய்விட்டது. அதே கடிதத்தால் ஒரு வருடம் போனது ஞாபகம் வந்ததும் எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது.

"முடியாது சார். நீங்கதான் எழுதணும். நல்லா எழுதத் தோணலேன்னா மோசமா எழுதுங்க. ஆனா நீங்க எழுதுங்க!"

மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டிருக்க வேண்டும், உள்ளே இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வெளிய நில்லு" என்றார்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். இரண்டு விரலால் தட்டினார். நிறுத்தினார். அழித்தார். மறுபடி தட்டினார். மனசுக்குள் அவரைத் திட்டாத திட்டு இல்லை. நடுவில் கதவைத் திறந்து, "அன்னிக்கி லோட நிறுத்துனியே, அத்த எழுதட்டா?" என்று கேட்டார். போச்சு என்று நினைத்தேன். திமிர் பிடித்தவள், சொன்ன பேச்சு கேட்காதவள் என்று எழுதப் போகிறார். வேண்டாம் என்று கெஞ்சலாம்தான். கெஞ்ச வாய் வரவில்லை.

"உங்க இஷ்டம் சார்."

பத்தரைக்குக் கொஞ்ச நேரமே இருக்கும்போது உள்ளே கூப்பிட்டார். திரையைப் பார்க்காமல் மேஜைக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

"எழுதிட்டேன்."

"அனுப்பிட்டீங்களா?"

"இல்ல."

"சார்!"

"இரும்மா." அவர் கை மவுஸ் மேலேயே இருந்தது. "எழுதத் தெரியாம இத்தினி நாளா குந்திகினு இல்ல. நல்லா எழுதுனா நீ பூடுவ. சுமாரா எழுதலாம்னு பாத்தா, கை வரல. அன்னிக்கி அந்த லோடு போயிருந்தா இந்தக் கம்பெனி இன்னிக்கி இருந்திருக்காது. அத்த ஒன்னாண்ட நான் சொன்னதே இல்ல. அதான் அதுல எழுதிகீறேன்."

இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே போடுவதென்று தெரியவில்லை.

"அமுத்தட்டுமா?" என்றார்.

ஏன் போக விரும்புகிறேன் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். மேடம் அதை வரி வரியாகத் திருத்திக் கொடுத்திருந்தார். அதில் ஒரு வரி கூட அந்த முகத்தைப் பார்த்து வாயில் வரவில்லை.

"அமுத்துங்க சார்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"இன்னா?"

இன்னொரு தடவை, சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.