வலப்பக்கம் அமர்ந்து வழி சொன்ன அக்கா

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நினைவு மலரில் தம்பிதான் எழுத வேண்டும் என்று மச்சான் சொல்லிவிட்டார். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா தேவதானப்பட்டியில் எங்கள் வீட்டின் மூத்த பெண்ணாகப் பிறந்தார். அம்மா படுத்த படுக்கையானதும் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தம்பிகள் மூவரையும் வளர்த்தார். பள்ளிக்கூடத்தில் நான் இழுத்துவரும் வம்புக்கெல்லாம் வாத்தியாரிடம் வந்து நின்றவர் அவர்தான். பிறகு, சின்னமனூரில் மோட்டார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மச்சானுக்கு வாழ்க்கைப்பட்டார். கல்யாணமான மூன்றாம் வருடம் அந்தக் கார் வீட்டுக்கு வந்தது. அதை விட்டுவிட்டு அக்காவைப் பற்றிப் பேச முடியாது.

நம் ஆட்கள் படகுக் கார் என்று சொல்லும் பெரிய வெளிநாட்டு வண்டி அது. ஸ்டியரிங் இடப்பக்கம். முன்னால் போகும் வண்டியை முந்த நினைத்தால், எதிரே வருவது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வலப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் அதை வைத்திருந்தவர் மேகமலை எஸ்டேட் துரை ஒருவர். மலை ரோட்டுக்கு அது தாங்காது என்பதால் கார் சின்னமனூரிலேயே நிற்கும். துரை ஜீப்பில் இறங்கி வந்து காரில் ஏறிக்கொள்வார். வலப்பக்கம் அவருடைய சமையல்காரர். துரை சீமைக்குப் போனபோது உத்தமபாளையம் ராவுத்தர் ஒருவர், வக்கீல், வாங்கினார். அவர் பக்கத்தில் உட்கார்ந்த குமாஸ்தா, பஸ்ஸைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்வாராம். தேனி கோர்ட்டுக்கு மாட்டு வண்டிக்குப் பின்னாலேயே போய் வாய்தாவுக்குத் தாமதமான வக்கீல் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அடுத்து கம்பத்துத் தியேட்டர்காரர் கைக்குப் போனது. கதவெல்லாம் போஸ்டர் ஒட்டி ஊர் ஊராக ஓட்டினார். அவருடைய ஆபரேட்டரோ, எது வந்தாலும் "போகலாம் முதலாளி" என்கிற ஆள். ஒரு நாள் புளியமரத்தில் கொண்டுபோய் முட்டினார்கள். அதன்பின் பின்சீட்டில் கோழி அடைகாத்தது.

அந்தக் கோலத்தில்தான் மச்சான் வாங்கிவந்தார். ஓடவைக்க ஒரு வருடம் ஆனது.

"பாத்துச் சொல்ல ஆளு வேணுமே மச்சான், யாரை வேலைக்கு வைக்கப் போறீக?" என்று கேட்டேன்.

"ஏலே, நான் என்னத்துக்கு இருக்கேன்?" என்று அக்கா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

முப்பது வருடம் அந்த இடத்தில் இருந்தார். "பொறுங்க", "இப்பப் போங்க" என்ற இரண்டே சொல்லில் எத்தனையோ கல்யாணப் பெண்கள் மண்டபம் போய்ச் சேர்ந்தார்கள். பிரசவ வலியோடு ஏறியவர்கள் பிள்ளையோடு திரும்பினார்கள். நான் வாய்த்துடுக்குப் பிடித்தவன். "மகாராணி பவனி கெளம்பிருச்சு" என்று வழியில் பார்க்கும்போதெல்லாம் கேலி செய்வேன். முன்சீட்டில் உட்காரும் பெருமைக்காகத்தான் போகிறார் என்றே உண்மையில் நினைத்திருந்தேன். அக்கா சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

சிறுநீரகம் பழுதாகி வாரம் இருமுறை தேனிக்கு டயாலிசிஸ் போனதும் அந்தக் காரில்தான். பின்னால் படுத்துக்கொள்ளச் சொன்னேன். "படுத்துக்கிட்டா அவுகளுக்கு யாருடா பாத்துச் சொல்றது?" என்றார். அந்த நாட்களில் ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நன்றி என்ற சொல் போதாதுதான்.

அக்கா போனபின் மச்சான் காரைத் தார்ப்பாயால் மூடினார். ஒர்க்‌ஷாப்பையும் பூட்டினார். சாப்பாடு பாதியானது. மனுசன் அக்கா பின்னாலேயே போய்விடுவாரோ என்று எங்களுக்கெல்லாம் பயம் பிடித்துக்கொண்டது. கண்ணில் படாமல் போனால் தேவலை என்று கொச்சியிலிருந்து ஒரு ஆளைக் காரை வாங்க வரவழைத்தது நான்தான்.

வந்தவர் ஆர்.சி. புக்கைப் புரட்டினார். சொந்தக்காரர் என்ற இடத்தில் அக்காவின் பெயர் இருந்தது. எங்கள் யாருக்குமே அது தெரியாது.

"அவ சொன்னாத்தானே வண்டி நகரும். அப்ப அவ வண்டிதானே மாப்ள?" என்றார் மச்சான்.

வாரிசுகள் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். அக்காவின் ஒரே மகள் தேன்மொழி பேனாவைத் தொடவே இல்லை. "எங்கம்மா வண்டிய நான் குடுக்க மாட்டேன்பா. நான் ஓட்டுறேன். நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள். பிடிவாதக்காரி என்று அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நான்காம் நாள் காலையில் மச்சான் புது பேட்டரியோடு வந்து தார்ப்பாயை உருவினார்.

போன மாதம் தேனிக்குப் புறப்பட்டோம். தேன்மொழி ஓட்ட, மச்சான் முதல்முறையாக வலப்பக்கம் உட்கார்ந்தார். நான் பின்சீட்டில். வீரபாண்டி தாண்டி, வாழைத்தார் லாரி ஒன்றை முந்தக் கார் சற்றே வெளியே நீண்டது. எதிரே ஒரு பஸ். "பொறு, பொறு" என்று மச்சான் டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் ஓரங்கட்டி நிறுத்தினாள். அவர் சட்டை வேர்த்து நனைந்திருந்தது.

"வர்றது பூராம் நம்ம மேலயே வருது மாப்ள. முப்பது வருசமா இங்கனதான் உக்காந்திருந்தா. பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலையே."

மகாராணி என்று நான் கேலி பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. அழுதேன். அவரும் அழுதார். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தார்.

"எடு ஆத்தா. இப்பப் போகலாம்."