கங்கம்மா கொடுக்காத குதிரை

கங்கம்மா குப்பத்துக்குக் குடிவந்தபோது குதிரையை அவள்தான் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பெட்டி படுக்கையெல்லாம் குதிரையின் முதுகில் இருந்தன. புருஷன் முனிகிருஷ்ணன் வெறுங்கையோடு பின்னால் வந்தான். பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் குப்பத்தில் ஆடு மாடு இல்லாத வீடு கிடையாது. ஆனால் குதிரை என்றால் ஐயனார் கோயில் மண்குதிரை மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். ஊரே வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றது.

"குதிரைய வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணப்போறே? ஏர் ஓட்டுமா அது?" என்று ஒருவர் கேட்டார்.

"ஓட்டும். ஏர்ல உன்னையும் சேத்துப் பூட்டிக் காமிக்கறேன், வா" என்றாள் கங்கம்மா.

ஊர் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை அவள்.

அதுவரை அவர்கள் புத்தூரில் இருந்தார்கள். முனிகிருஷ்ணனுக்கு ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டி. திருப்பதி போகிறவர்கள், எலும்பு முறிந்து கட்டுப் போட வருகிறவர்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எல்லாரையும் ஏற்றிக்கொள்வான். வருகிறவர்கள் பாதிப்பேர் தமிழ், பாதிப்பேர் தெலுங்கு. அதனால் வண்டியின் ஒரு பக்கம் பெருமாள் பேரைத் தமிழிலும் மறுபக்கம் தெலுங்கிலும் எழுதி வைத்திருந்தான். அதைக் குற்றமென்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்த வருஷம் அது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று தெருவுக்குத் தெரு கூட்டம் போட்டார்கள். ஒரு சாயங்காலம் தமிழ் கோஷம் போட்டுக்கொண்டு வந்த கும்பல், ஸ்டேஷன் வாசலில் நின்ற ஜட்காவின் தெலுங்கு எழுத்தைப் பார்த்தது. முனிகிருஷ்ணன் குதிரையை அவிழ்த்துத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப் போயிருந்தான். திரும்பி வருவதற்குள் வண்டி எரிந்துகொண்டிருந்தது. கொளுத்திவிட்டுக் கையில் பந்தத்தோடு நின்றவனை அவனும் பார்த்தான், சோறு கொண்டுவந்த கங்கம்மாவும் பார்த்தாள். மண்டிக்காரர் மகன் செங்கல்வராயன். அவனும் தமிழன்தான்.

மறுநாள் முனிகிருஷ்ணன் புகார் கொடுக்கப் போகவில்லை. "பெரிய எடம், வுட்டுடு" என்றான். அதோடு அவனுக்குப் பேச்சே குறைந்துவிட்டது. குதிரையின் பக்கத்தில் போகவும் மாட்டான். கங்கம்மா அதற்கு நேர்மாறாக இருந்தாள். வண்டியில் பிடித்த தீ அவளுக்குள் அணையவே இல்லை. செங்கல்வராயனைத் திட்டினாள், பார்த்துக்கொண்டு நின்ற சனங்களைத் திட்டினாள், எல்லாரையும்விட அதிகமாகப் புருஷனைத் திட்டினாள். அம்மா வீட்டு நிலம் கொஞ்சம் குப்பத்தில் தரிசாகக் கிடந்தது. "இந்த ஊர்ல இவனுங்க மூஞ்சில முழிச்சிக்கினு என்னால குந்தியிருக்க முடியாது" என்று கிளம்பிவிட்டாள்.

குப்பத்தில் அவளுடைய கோபத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பக்கத்து வீட்டு லட்சுமம்மா வீட்டில் தெலுங்கு பேசுவாள், வாசலுக்கு வந்தால் தமிழ். வந்த மூன்றாம் நாளே ஒரு சட்டி நிறைய வெந்த கொள்ளோடு வந்து நின்றாள்.

"தண்ணிய ரசத்துக்கு வடிச்சிக்கினேன் அக்கா. கொள்ளு பவுனுக்கு" என்றாள். குதிரையின் பேர் பவுனு என்பதை அதற்குள் பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். பொன் நிறத்தில் இருந்த பெட்டைக்குதிரை அது.

"நான் உன்னாண்ட கேட்டனா?"

"கேக்கல. குதிரையாண்ட கேட்டேன். குடுன்னுச்சு."

லட்சுமம்மாவின் புருஷன் கோவர்த்தனன் அதற்கும் மேலே. கங்கம்மா களையெடுத்துவிட்டு வருவதற்குள் பனையோலையில் குதிரைக்குக் கொட்டகை போட்டிருந்தான். பிறகு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பழைய மாட்டுவண்டியைக் குதிரைக்கு ஏற்றபடி மாற்றித் தந்தான். கங்கம்மா அதில் பவுனைப் பூட்டி, புளியும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டு பள்ளிப்பட்டு சந்தைக்குப் போனாள். பொம்பளை குதிரைவண்டி ஓட்டுவதைச் சந்தையில் வேடிக்கை பார்த்தார்கள். குப்பத்துக்கு அது பெருமையாகிவிட்டது. யாருக்காவது பிரசவ வலி வந்தாலும், பாம்பு கடித்தாலும் நேராகக் கங்கம்மா வாசலுக்கு ஓடி வருவார்கள். திட்டிக்கொண்டேதான் வண்டி பூட்டுவாள். ஒரு தடவையும் பூட்டாமல் இருந்ததில்லை. ஊர்க்காரர்கள் 'நம்ம பவுனு' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த 'நம்ம' அவள் காதில் முள்ளாகக் குத்தும்.

இப்படியே வருஷங்கள் போயின. ஒருவழியாக எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணியும் பள்ளிப்பட்டும் மெட்ராஸ் பக்கம் போயின. குப்பம் ஆந்திராவிலேயே நின்றது. அந்த வாரத்தில் ஒருநாள் கோவர்த்தனன் வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"அக்கா, நாளிக்கு ஊர்வலம். நம்ம பவுனுதான் முன்னாடி போவுது. தலைவரு அதும்மேல குந்திக்கினு வருவாரு. நானே வாக்கு குட்த்துட்டேன்."

"என் குதிரைக்கு வாக்கு குடுக்க நீ யாருடா?"

"அய்ய, அதுல இன்னாக்கா கீது? ஊருக்கே பெருமை. புத்தூரு செங்கல்வராயன் வர்றாரு."

கங்கம்மாவின் கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. தமிழுக்காக என்று வண்டியைக் கொளுத்தியவன் இந்தச் சில வருஷங்களில் கட்சி மாறியிருந்தான். இந்தப் பக்கம் ஆந்திராவில் நின்றதே தன்னால்தான் என்று தெலுங்கில் பேசிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தான். இது எதுவும் கோவர்த்தனனுக்குத் தெரியாது. புத்தூரில் நடந்ததைக் கங்கம்மா குப்பத்தில் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் பரிதாபப்படுவார்கள். அதை அவளால் தாங்க முடியாது.

மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்த முனிகிருஷ்ணன் தலை நிமிராமல் சொன்னான். "வுடு கங்கா. ஒரு நாளு தானே."

"உன் வயித்துல எரியவே எரியாதாய்யா?" என்று கத்தினாள். கோவர்த்தனன் ஒன்றும் புரியாமல் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையில் மேளத்தோடு வந்துவிட்டார்கள். யாரோ பவுனின் கழுத்தில் சாமந்தி மாலையைப் போட்டு, முதுகில் ஒரு ஜமக்காளத்தை விரித்தார்கள். வெள்ளை வேட்டியும் துண்டுமாகச் செங்கல்வராயன் வந்தான். உடம்பு பெருத்திருந்தது. கங்கம்மாவை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் கடிவாளத்தைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு குதிரைக்கு முன்னால் நின்றாள்.

"குதிரை வோணுமா? குடுக்கறேன். புத்தூர் டேசனாண்ட ஒரு ஜட்காவ நான்தான் கொளுத்தினேன்னு இந்த ஊர் முன்னாடி சொல்லு. சொல்ட்டு ஏறிக்கோ."

மேளம் நின்றது. செங்கல்வராயன் சிரித்தான். "எந்த ஜட்காம்மா? நீ யாரையோ பாத்துட்டு என்னையச் சொல்றே. அப்போ எவன் எவனோ கொளுத்தினான். பார்டரே தீந்துபோச்சு, இன்னும் எதுக்கு அதெல்லாம்?"

"உனுக்குத் தீந்துபோச்சு! நேத்து அந்தக் கொடி, இன்னிக்கி இந்தக் கொடி. எங்க வண்டி வெந்து போனதுக்கு எந்தக் கொடிடா பதில் சொல்லும்?"

"இந்தம்மாவ யாராச்சும் அந்தாண்ட கூட்டினு போங்கப்பா" என்றான் அவன்.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து முனிகிருஷ்ணன் வந்தான். அவன் குரலைக் கேட்டுப் பழக்கமில்லாததால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீதான். உன் கண்ணாலத்துக்கு உன்னையும் பொண்ணையும் அந்த வண்டிலதான் ஏத்திக்கினு ஊர்வலம் போனேன். இதே பவுனுதான் இஸ்துச்சு. எறங்கும்போது, 'அண்ணா, நல்லா ஓட்னே'ன்னு என் கையப் புடிச்சிக்கினே. அந்தக் கையாலதான் நெருப்பு வெச்சே."

செங்கல்வராயன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட வந்தவர்களைப் பார்த்தான். அவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள்.

லட்சுமம்மா விடுவிடுவென்று வந்தாள். பவுனின் கழுத்திலிருந்த மாலையை இழுத்து அவன் காலடியில் எறிந்தாள். "நுவ்வேமி மனிஷிவய்யா? நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று இரண்டு பாஷையிலும் கேட்டாள். முதுகில் கிடந்த ஜமக்காளத்தைக் கோவர்த்தனனே உருவிச் சுருட்டினான். ஊர்வலம் கடைசியில் ஒரு மாட்டுவண்டியோடு அடுத்த ஊருக்குப் போனது. குப்பத்திலிருந்து யாரும் கூடப் போகவில்லை.

செங்கல்வராயனுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அடுத்த தேர்தலில் ஜெயித்தான். பெரிய வீடு கட்டினான். ஊர்வலங்களில் முன்னால் போனான். அதைக் கேள்விப்படும்போதெல்லாம் கங்கம்மா காறித் துப்புவாள். எல்லாம் மறந்து சமாதானமாகிவிட்டாள் என்று சொன்னால் அது பொய்.

கோவர்த்தனன் பலமுறை வந்து, "தெரியாம பண்ட்டேன் அக்கா" என்றான். "தெரிஞ்சிருந்தா மட்டும்? கேக்காம என் பொருளக் குடுத்தியே, அதச் சொல்லு" என்று அவனையும் விடவில்லை. அந்த மாசம் முழுக்க அவனோடு பேசாமலே இருந்தாள். ஆனால் லட்சுமம்மா தருகிற கொள்ளு வேண்டாமென்று சொல்வதை நிறுத்திவிட்டாள். முனிகிருஷ்ணன் மெல்ல மெல்ல வண்டியில் ஏறி உட்கார ஆரம்பித்தான். சந்தை நாட்களில் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்கு வண்டி ஓட்டிப் போவார்கள்.

பவுனு கிழடாகி, ஒரு ஐப்பசி மழையில் செத்துப்போனது. மாமரத்தடியில் புதைக்கக் கோவர்த்தனன்தான் மண்வெட்டியோடு முதலில் வந்தான். கங்கம்மா ஈரத்தில் நின்றுகொண்டு குழியை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா இது, நாய்க்குத் தோண்டற மாதிரி? நரி இஸ்துக்கினு போயிடும். இன்னும் எறக்கு."

மண் களிமண், கால் வழுக்கியது. கோவர்த்தனன் மறுபடியும் குழிக்குள் இறங்கினான். முனிகிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனுக்கு எதிரே இறங்கினான். அவர்கள் தோண்டி முடிக்கும்வரை கங்கம்மா திட்டிக்கொண்டே இருந்தாள்.