ராத்திரி மட்டும் வந்த கோளாறு

டெஸ்டர் என்றால் படகுத்துறையில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள், இவர் டெஸ்டர் வைத்திருப்பார். அதனால் அந்தப் பெயர். வாழ்நாள் முழுக்க வீடுகளுக்கு வயரிங் செய்தவர். இந்த வயதில் ஊர் உலகத்தில் ஆம்பிளைகள் நாய் வளர்ப்பார்கள், முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார்கள். இவர் இருந்த வீட்டை விற்றுவிட்டு ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். ஓட்டத் தெரியுமா என்று கேட்டவர்களிடம், அதற்கு இப்போது என்ன அவசரம் என்றார். படகு கயிற்றில் கட்டிப்போட்ட இடத்திலேயே கிடந்தது. அவரும் மனைவியும் அதில் குடித்தனம் நடத்தினார்கள்.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டுத்தான் வந்தாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் கெடாமல் இருக்க ஃப்ரிட்ஜ் ஓட வேண்டும், ஓடாவிட்டால் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். படகு கட்டியிருந்த மூலைக்குக் கரையிலிருந்து கரண்ட் எட்டாது. கூரையில் இருந்த சின்ன சோலார் பலகை விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் சரியாக இருந்தது. ஆகவே ஃப்ரிட்ஜுக்கென்றே படகின் பின்னால் கம்பம் நட்டு, மூன்று இறக்கை வைத்த காற்றாடி ஒன்றை ஏற்றினார். அது சுற்றினால் பேட்டரி சார்ஜ் ஆகும். புயல் வந்தால் நிறுத்துவதற்கு உள்ளே ஒரு சிவப்பு சுவிட்ச். அதைத் தட்டினால் காற்றாடியிலிருந்து வரும் வயர்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும், இறக்கைக்குப் பிரேக் போட்டது போல் ஆகிவிடும். அந்தத் துறையில் பகல் காற்று சுத்த சோம்பேறி. இருட்டிய பிறகுதான் வேலைக்கு வரும்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் காலையில் பேட்டரி படுத்துவிட்டது. ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே வெளியே என்ற வித்தியாசமே இல்லை. மறுநாளும் அதே கதை. இன்சுலினைக் கரையில் இருந்த மருந்துக் கடைக்காரரிடம் கொடுத்து, அவர் ஃப்ரிட்ஜில் ஓர் ஓரமாக வைக்கச் சொன்னார்கள்.

டெஸ்டர் கம்பத்தில் ஏறினார். இறக்கையைக் கையால் சுற்றி மீட்டரைப் பிடித்தார், வோல்டேஜ் வந்தது. கார்பன் பிரஷ்ஷைக் கழற்றித் துடைத்து மாட்டினார். உப்புப் பூத்த இணைப்புகளை வெட்டிப் புதிதாக முறுக்கினார். டயோடுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஒன்றிலும் குற்றம் இல்லை. மீட்டர் மேல் சந்தேகம் வந்து, இன்னொரு மீட்டர் வாங்கி அதைச் சோதித்தார். இரண்டும் ஒரே பேச்சாகப் பேசின. கடைசியில் பேட்டரியே மோசம் என்று முடிவுகட்டி, பக்கத்துப் படகில் இருந்த தச்சரிடம் ஒரு பேட்டரி இரவல் வாங்கிப் போட்டார். அதுவும் காலையில் படுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்காரர் கார் கொண்டு வருகிறார் என்று மனைவி சொன்னாள். பால் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் அதே குரல். சரி என்று சொல்லிவிட்டு அவர் கம்பத்தடியில் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பயமாக இருந்தது. அவள் இல்லாத படகில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தார், ஒன்றும் தோன்றவில்லை.

சனிக்கிழமை தச்சர் தன் பேட்டரியைத் திருப்பி வாங்க வந்தார். போகும்போது கேட்டார்.

"ராத்திரி அடிக்கிற காத்துக்கு எல்லாப் படகுலயும் காத்தாடி பிச்சுக்கிட்டு சுத்துது. உங்களுது மட்டும் ஏன் மாசமா இருக்கிறவ மாதிரி அசைஞ்சு அசைஞ்சு போகுது?"

டெஸ்டருக்கு உறைத்தது. நல்ல காற்றில் இறக்கை ஊர்கிறது என்றால் எங்கேயோ வயர் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறது. அது இருட்டினால் சேர்ந்து, விடிந்தால் பிரிகிறது என்றால் அதில் யாருடைய கையோ இருக்கிறது. ரிப்பேருக்குப் போன வீட்டிலெல்லாம் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், யார் எதில் கை வைத்தீர்கள் என்று கேட்பது அவர் வழக்கம். சொந்த வீட்டில் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

உள்ளே மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிவப்பு சுவிட்சைத் தொட்டாயா என்று கேட்டார். அவள் மறைக்கவில்லை. தினமும் அவர் படுத்ததும் போடுகிறாள். காலையில் டீ போட எழுந்ததும் எடுத்துவிடுகிறாள்.

"ஏன்?"

"அது கொஞ்சம் சத்தம் மாத்தினா போதும், நீங்க டார்ச்ச எடுத்துக்கிட்டு மீட்டரப் பாக்கப் போயிடுறீங்க. ராத்திரிக்கு எத்தனை வாட்டி? நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரில கிடந்து எழுந்தவங்க நல்லாத் தூங்கணும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

கொஞ்ச நாளாகத் தனக்கு அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம் வருவதை அவர் நினைத்துப் பார்த்தார். எல்லாம் கடல் காற்றின் மகிமை என்று துறை முழுக்கப் பீற்றிக்கொண்டும் இருந்தார்.

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா சுவிட்சுக்குக் காவல் இருப்பீங்க."

"ஃப்ரிட்ஜ் ஓடலைன்னா நீ போயிடணுமே."

"போறேன். நான் போயிட்டா ஃப்ரிட்ஜ் வேண்டாம், ஃப்ரிட்ஜ் இல்லைன்னா காத்தாடியும் வேண்டாம். நீங்களாவது நிம்மதியாத் தூங்குவீங்கல்ல?"

சொல்லிவிட்டு அவள் அடுத்த சட்டையை எடுத்து மடித்தாள். அந்தக் கணக்கில் எங்கேயோ பெரிய தப்பு இருக்கிறது என்று மட்டும் டெஸ்டருக்குத் தெரிந்தது. அன்று இரவு நீ சுவிட்சில் கை வைக்கக் கூடாது, நான் எழுந்திருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

காற்று வந்தது. காற்றாடி ஊளையிட்டது, இறங்கியது, மறுபடியும் ஊளையிட்டது. அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இடையிடையே குறட்டையும் விட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் நிஜக் குறட்டையைக் கேட்டு வருபவள் அவள். இருந்தாலும் போர்வையை அவர் தோள்வரை இழுத்துவிட்டாள்.

விடிந்ததும் அவள் தங்கைக்குப் போன் செய்து, கார் அனுப்ப வேண்டாம் என்றாள். ஏன் என்று தங்கை கேட்டிருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் சரியாகிவிட்டது என்றாள். அதை அவள் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.