மிஸ்ஸி போட்ட முடிச்சு

பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் என் மனைவி எனக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தாள். அதில் உட்காராமல் வீடு போய்ச் சேர முடியாது. நெஞ்சு அப்படி இறுக்கும். அந்த நாற்காலியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய் ஒன்று முழுவதும் அடைபட்டுக் கிடந்தது. முதல் தடவை டாக்டர் விட்ட கம்பி அடைப்பைத் தாண்டவே இல்லை. "இன்னிக்கு போதும் அங்கிள். உள்ள ஆறட்டும், திரும்ப வாங்க" என்று நிறுத்திவிட்டார். மறுபடியும் முடியாவிட்டால் நெஞ்சைத் திறந்து அறுவைதான். எனக்கிருக்கும் சர்க்கரைக்கு அதை நினைத்தாலே பயம்.

கையில் கட்டியிருந்த கோயில் கயிற்றை அன்றைக்கு நறுக்கிக் குப்பையில் போட்டார்கள். அதுதான் காரணம் என்றாள் என் மனைவி. இரண்டாம் தடவை புதுக் கயிறு கட்டி, "இத வெட்ட விட்டீங்க, வீட்டுக்கே வராதீங்க" என்றாள். எனக்குக் கயிற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் மலாய்க்கார மிஸ்ஸி, அதாவது நர்ஸ், கத்தரிக்கோலோடு வந்ததும் வலது கையை இழுத்துக்கொண்டேன். அந்த மணிக்கட்டு வழியாகத்தான் கம்பி போக வேண்டும் என்று தெரிந்தும்தான்.

மனைவி கட்டியதா என்று மலாயில் கேட்டார். தலையாட்டினேன். கத்தரிக்கோலை வைத்துவிட்டு, நகத்தால் கிள்ளிக் கிள்ளி முடிச்சை அவிழ்த்தார். "ஜாங்ஙான் ரிசாவ், பக்சிக்." கவலைப்பட வேண்டாமாம் அங்கிள். மருந்துப் பை தொங்கும் ஸ்டாண்டில், என் கண்ணில் படும்படி அதைக் கட்டினார்.

சிகிச்சை முழுக்க எனக்கு நினைவு தப்பவில்லை. டாக்டர் இந்தத் தடவை தொடை வழியாக இன்னொரு கம்பியை விட்டு, அடைப்பின் பின்பக்கமாகவும் முயன்றார். நேரம் போனது. முதல் தடவை போலவே எல்லாருடைய பேச்சும் அடங்கியது. என் மனைவி முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டு கிடந்தபோது, "கம்பி தாண்டிப் போயிருச்சு அங்கிள்" என்றார் டாக்டர். அழுதுவிட்டேன். அதில் வெட்கமெல்லாம் இல்லை.

வீடு திரும்பிய அன்று மெதுவாகப் படியேறினேன். நாற்காலி வந்தது, எனக்குத் தேவைப்படவில்லை. பின்னால் வந்த என் மனைவிதான் அதில் பொத்தென்று உட்கார்ந்து, என் கையை இழுத்துப் பார்த்தாள்.

"கை மாறியிருக்கு. முடிச்சும் நான் போட்டது இல்லயே."

"வலது கையில கட்டு போட்டிருந்தாங்க லா. மிஸ்ஸி அவிழ்த்து வச்சிருந்து, முடிஞ்சதும் இதுல கட்டி விட்டாங்க."

ஆண்களுக்கு வலது கையில்தான் கட்ட வேண்டும் என்று ஊருக்கே சட்டம் பேசுகிறவள். அந்த முடிச்சைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்படியே இருக்கட்டும். அவிழ்க்க வேணாம்" என்றாள்.