டெஸ் என்று பெயர் வாங்கிய குண்டு

கோப்பைக் குதிரைப் பந்தய நாளில் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் ஊரே குதிரை பார்க்கும். க்ளெனிஸ் வேலை செய்த ஆய்வுக்கூடம் மட்டும் பாக்டீரியாவை ஓடவிடும். ஆளுக்கு ஒரு வகை, அது தின்று பெருக ஆளுக்கு ஒரு குடுவை ஊட்டக் குழம்பு. குடுவைக்குப் பின்னால் செய்தித்தாளின் பந்தயப் பக்கத்தைப் பிடித்தால் எழுத்தே தெரியாதபடி எது முதலில் கலங்குகிறதோ, அதற்கு வெற்றி. ஜெயித்த பாக்டீரியாவுக்குப் பெயர் வைக்கலாம். அதைச் சேமித்து வைக்கும் உறைபெட்டியில் அந்தப் பெயர் காலத்துக்கும் இருக்கும்.

க்ளெனிஸ்தான் அங்கே குழம்பு காய்ச்சுகிறவள். குலுக்கலில் அவளுக்கு ஒரு குண்டு பாக்டீரியா விழுந்தது. மற்றவை ஒல்லிக் குச்சிகள். நீண்டு சட்டென்று இரண்டாகிவிடும். இது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துக்குத் தப்ப மரபணுவை மாற்றிக்கொண்டதில் உடல்வாகே மாறி உருண்டையாகிவிட்டது. பெருகுவதும் ஆடி அசைந்துதான்.

"அப்படியே எங்க வீட்டுக்காரன் டெஸ். உருண்டை, மெதுவு, எந்த மருந்துக்கும் மசியாத ஜென்மம்," என்றாள் க்ளெனிஸ், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இது ஜெயிச்சா அவன் பேருதான்."

"இது கிளம்பறதுக்குள்ள கிறிஸ்துமஸ் வந்துரும்," என்றான் போன வருஷம் ஜெயித்த ரஸ்.

பந்தய நாளுக்கென்று க்ளெனிஸ் அலங்கரித்துப் போட்டிருந்த தொப்பியில் முழு அன்னாசியும் ஒரு வாழைச் சீப்பும். வரும் வழியில் மூன்று கிளிகள் அதில் காலைச் சாப்பாட்டை முடித்தன என்பாள். நம்பாதீர்கள், இரண்டுதான். அகல விளிம்பு கண்ணை மறைத்ததில், குடுவைகளில் தான் குழம்பு ஊற்றுகிற புட்டியின் மூடி என்ன நிறம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ரஸின் குடுவை விறுவிறுவென்று கலங்க, பின்னால் பிடித்த தாளில் குதிரைப் பெயர்கள் மங்கின. க்ளெனிஸின் குடுவை வழியே அச்சுப்பிழைகள்கூடப் பளிச்சென்று தெரிந்தன. அப்புறம் ரஸின் குடுவை தெளிய ஆரம்பித்தது.

"என்னடா இது, திரும்பி ஓடுது?" என்றான் ரஸ்.

ஆய்வுக்கூடத் தலைவி கூலா அதிலிருந்து ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். குச்சிகள் எல்லாம் உருண்டு, ஊதி, ஒவ்வொன்றாய் வெடித்துக்கொண்டிருந்தன.

க்ளெனிஸ் தொப்பியைக் கழற்றிப் புட்டியைப் பார்த்தாள். சிவப்பு மூடி. மருந்து கலந்த குழம்பு.

"போச்சு," என்றாள். "எல்லாருக்கும் மருந்தை ஊத்தித் தொலைச்சிருக்கேன்."

"அப்ப பந்தயம் செல்லாது," என்றான் ரஸ்.

டெஸ் பெயர் கண்ணெதிரே கைநழுவியது. கூலா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எல்லாருக்கும் ஒரே குழம்புதானே? மழை பெஞ்சு பாதை சேறானா பந்தயத்தை நிறுத்திடறாங்களா? சேத்துல ஓடத் தெரிஞ்ச குதிரை ஜெயிக்கும். ஓடட்டும்."

குண்டு ஓடியது. ஓடியது என்பது மரியாதைக்கு. சாயங்காலம் அதன் குடுவைக்குப் பின்னால் கடைசிக் குதிரையின் பெயரும் மறைந்தபோது, ரஸே உறைபெட்டிக்கு 'டெஸ்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தான்.

வீட்டில் டெஸ் நாற்காலியை நிறைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ரத்த அழுத்த மாத்திரை, காலையில் வைத்தபடியே.

"ஒரு பாக்டீரியாவுக்கு உன் பேர் வெச்சாச்சு. மருந்துக்கு மசியாம ஜெயிச்சது."

டெஸ் நிதானமாக யோசித்தான். "பாத்தியா," என்று மாத்திரையைத் தள்ளி வைத்தான்.

"மருந்துக்கு மசியாததுக்கெல்லாம் அன்னாசி கிடையாது," என்று க்ளெனிஸ் தொப்பியிலிருந்து பழத்தைக் கழற்றிக் கத்தியை எடுத்தாள்.

மாத்திரை டெஸின் தொண்டையில் இறங்கியது.